பனம்பழமும் காக்கையும்

டெல்லி நேரு பிளேஸில் பழைய பிராசஸர்கள் பிளாஸ்டிக் தட்டுகளில் அடுக்கிக் கிடக்கும். ஒவ்வொன்றின் உலோக மூடியிலும் பொடி எழுத்துகள்: கம்பெனி பெயர், மாடல் எண், எஸ்ஆர் என்று தொடங்கும் ஒரு குறியீடு, எங்கே கோத்தார்கள் என்பதற்கு ‘மலாய்’ அல்லது ‘கோஸ்டா ரிக்கா’. முன்பு வைத்திருந்தவர் தடவிய பேஸ்ட் ஓரங்களில் சாம்பல் நிறத்தில் காய்ந்து ஒட்டியிருக்கும். கடைப்பையன் அதைக் கட்டைவிரல் நகத்தால் சுரண்டி, பழைய பனியன் துணியில் ஒரு துடைப்பு துடைத்துக் கையில் தருவான். 2012இல் வெளிவந்தபோது முன்னூறு டாலருக்குக் கொஞ்சம் குறைவாக விற்ற ஐ7-3770 இப்போது மூவாயிரம் ரூபாய்க்கு முன்னே பின்னே பேரத்தில் படிகிறது. ‘டெஸ்டிங் வாரண்டி’ உண்டு என்பார்கள். கடை மேஜையில் ஓடிக் காட்டிவிட்டால் அந்த வாரண்டி முடிந்தது என்று அர்த்தம்.

இது பெரும்பாலும் அலுவலகச் சரக்கு. குர்காவ், நொய்டா பக்கத்துக் கம்பெனிகள் சில வருஷம் ஓட்டிவிட்டு மொத்தமாகக் கழித்துவிடும் டெஸ்க்டாப்புகளைப் பிரித்து, ராம் தனி, ஹார்ட் டிஸ்க் தனி, பிராசஸர் தனி என்று கூறுபோடுகிறார்கள். கண்டெய்னரில் வெளிநாட்டிலிருந்து வந்து இறங்குபவையும் இருக்கின்றன. ஏசி அறையில் எக்செல் ஓட்டிக் காலம் தள்ளிய பிராசஸர் எவ்வளவு தேய்ந்திருக்கப்போகிறது என்பது வாங்குகிறவர்களின் கணக்கு. தப்புக் கணக்கு என்று சொல்ல முடியாது.

1962ஆம் ஆண்டின் மாஸ்டர் பிளான் டெல்லியின் கூட்டத்தை கன்னாட் பிளேஸிலிருந்து பிரித்து வெளியே அனுப்ப மாவட்ட மையங்கள் வேண்டும் என்றது. எழுபதுகளில் டெல்லி வளர்ச்சி ஆணையம் (டிடிஏ) கட்டிய நேரு பிளேஸ் அப்படிப் பிறந்தது. அலுவலகங்களுக்காகக் கட்டிய கான்கிரீட் முற்றத்தைக் கம்ப்யூட்டர்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். நம் சென்னை ரிச்சி தெரு ரேடியோ வால்விலிருந்து படிப்படியாக மதர்போர்டுக்கு வந்தது. நேரு பிளேஸுக்கு அந்தப் பூர்வாசிரமம் கிடையாது. அமெரிக்க வர்த்தகப் பிரதிநிதி அலுவலகம் வெளியிடும் பெயர்கெட்ட சந்தைகளின் பட்டியலில் அது ஒன்றுக்கு மேற்பட்ட தடவை இடம்பிடித்திருக்கிறது, திருட்டு மென்பொருளுக்காக. அதே முற்றத்தில், கம்பெனிகள் ‘ஆயுள் முடிந்தது’ என்று கைகழுவிய இயந்திரங்களுக்கு ஆயுள் நீட்டித்துத் தருகிறவர்களும் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதற்குப் பட்டியல் எதுவும் இல்லை.

என்னிடம் இருப்பது அங்கேயே 2012இல் கோத்து வாங்கிய பெட்டி. எச்61 சிப்செட் போட்ட மலிவு போர்டு, ஐ3-2100 பிராசஸர். வருஷக்கணக்கில் அது எனக்குப் போதுமானதாக இருந்தது. பழைய சிறுபத்திரிகைகளை ஸ்கேன் செய்து டெசராக்ட் மென்பொருளில் ஓசிஆர் போட ஆரம்பித்த பிறகுதான் போதவில்லை. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்னால் அச்சான பக்கங்கள் அவை. பழைய ‘ணை’, ‘றா’, ‘னா’ வடிவங்களைக் கண்டால் ஓசிஆர் திணறும். திருப்பித் திருப்பி ஓட்டவேண்டும். ஒவ்வொரு பக்கத்துக்கும் பிராசஸரின் எல்லா கோர்களும் முழுமூச்சாக வேலை செய்யும். இரண்டு கோர் இருந்த இடத்தில் நான்கு வந்தால் பாதி நேரம் மிச்சம். அதே சாக்கெட், அதே போர்டு. பிராசஸரை மட்டும் 3770ஆக மாற்றினால் ஆயிற்று.

மாற்றினேன். ஓசிஆர் பறந்தது. பிறகு நின்றது. சில சமயம் நீலத் திரை, அதில் 124 என்று முடியும் ஓர் எண், வன்பொருள் பிழை என்ற விளக்கம். சில சமயம் நீலத் திரைகூட வராது. பட்டென்று அணைந்து, தானே எழுந்து, ஒன்றும் நடக்காததுபோல் கடவுச்சொல் கேட்கும்.

பிராசஸர் மாற்றியதற்கு அப்புறம் நிற்கிறது, ஆகவே பிராசஸரால் நிற்கிறது. இப்படித்தான் யாருக்கும் தோன்றும். இதைக் காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்று நம் ஆட்கள் எப்போதோ சொல்லிவைத்துவிட்டார்கள். வடமொழித் தர்க்கக்காரர்கள் காகதாலீயம் என்பார்கள். அடுத்தடுத்து நடந்ததாலேயே ஒன்று மற்றதற்குக் காரணமாகிவிடாது என்பது அதன் சாரம். காக்கை நிரபராதி.

ஆனால் எனக்கு அந்தத் தீர்ப்பில் எப்போதும் ஒரு சந்தேகம் உண்டு. காம்பு இற்றுப்போன பழத்தின்மேல் உட்கார்ந்தால் காக்கையின் எடையும் எடைதானே? பழம் அன்றைக்கு, அந்த நேரத்தில் விழுந்ததில் காக்கைக்குப் பங்கு உண்டு. விழும் நிலைக்கு வந்திருந்ததில்தான் அதற்குப் பங்கில்லை. பழைய கம்ப்யூட்டரில் புதுப் பிராசஸர் போட்டவர்களின் பிரச்சினையில் பெரும்பகுதி இந்த இரண்டையும் பிரிக்கத் தெரியாததுதான்.

முதலில், ‘பிராசஸரை மாற்றினேன்’ என்பது ஒரே ஒரு காரியம் அல்ல. ஐ3-2100 சாண்டி பிரிட்ஜ் தலைமுறை, 3770 அடுத்த தலைமுறையான ஐவி பிரிட்ஜ். சாக்கெட்டில் அதே 1155 ஊசிகள் என்றாலும் பழைய போர்டின் பயாஸுக்குப் புதிய சிப்பை அடையாளம் தெரியாது. எனவே பிராசஸரைத் தொடுவதற்கு முன்பே பயாஸை மாற்றியாக வேண்டும். பயாஸ் மாறியதும் பழைய செட்டிங்குகள் எல்லாம் அழிந்து ‘ஆட்டோ’ ஆகிவிடும். கூலரைக் கழற்றி மாட்டுகிறோம். பேஸ்ட் புதிது. இடைஞ்சலாக இருக்கிறது என்று ராமை உருவித் திரும்பச் செருகுகிறோம். பத்து வருஷமாக அசையாமல் கிடந்த ஒயர்களைத் தள்ளிவிடுகிறோம். தூசியை ஊதுகிறோம், அதில் பாதி போய் வேறு எங்கோ உட்காருகிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் இத்தனையும் செய்துவிட்டு, திங்கட்கிழமை ஒற்றைக் குற்றவாளியைக் கூண்டில் ஏற்றுகிறோம்.

ராம் விஷயத்தை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் பலர் அதைப் பார்ப்பதே இல்லை. மெமரி கண்ட்ரோலர் ஒரு காலத்தில் போர்டில் இருந்தது. இந்தத் தலைமுறைகளில் அது பிராசஸருக்குள்ளேயே இருக்கிறது. பிராசஸரை மாற்றினால் ராமோடு பேசும் ஆளையும் மாற்றியதாகிறது. ஐ3-2100க்கு டிடிஆர்3 ராமை 1333 வேகத்துக்கு மேல் ஓட்ட வராது. 3770க்கு 1600 வரும். என் பெட்டியில் இரண்டு ராம் குச்சிகள்: ஒன்று ஆரம்பத்தில் வாங்கியது, மற்றது பிற்பாடு வேறு கம்பெனியில் வாங்கிச் சேர்த்தது. இரண்டின் ஸ்டிக்கரிலும் 1600 என்றே போட்டிருக்கிறது. ஆனால் பத்து வருஷத்துக்கு மேலாக இரண்டும் 1333இல் சமாதானமாக ஓடிக்கொண்டிருந்தன. புதுப் பிராசஸர் வந்ததும், ஆட்டோவில் இருந்த பயாஸ் ஸ்டிக்கரை நம்பி இரண்டையும் 1600இல் ஓட்ட ஆரம்பித்தது. ராம் மாறவில்லை, அதனிடம் கேட்கும் வேலை மாறியது. சோடி சேராத இரண்டு குச்சிகள் அந்த வேகத்தில் ஒத்துப்போகும் என்று யாரும் உத்தரவாதம் கொடுத்ததில்லை.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனேன். தர்பங்கா பக்கத்துப் பையன். சூடு கண்ட கைவிரல்கள், காதில் எப்போதும் ஒரு ஹெட்போன். அவன் பெட்டியைத் திறக்கும் முன்பே தீர்ப்பைச் சொல்லிவிட்டான்.

“சர்ஜி, பிராசஸர் கபி கராப் நஹீ ஹோதா.”

பிராசஸர் ஒருபோதும் கெடாது. நேரு பிளேஸின் முதல் சூத்திரம் இது. நான் சிப்பைக் கழற்றித் தரச் சொன்னேன். அவன் அதைத் தன் மேஜையில் பெட்டியில்லாமல் திறந்து கிடந்த போர்டில் மாட்டி, தன் ராம், மின்சாரம் ஊட்டும் தன் எஸ்எம்பிஎஸ் கொடுத்து அரைமணி நேரம் ஓட்டினான். ஒன்றும் ஆகவில்லை.

“தேக்கியே, சல் ரஹா ஹை.”

“இங்கே ஓடுகிறது பாய், வீட்டில் நிற்கிறதே” என்றேன்.

“தோ பிர் கர் மே பிராப்ளம் ஹை, சர்ஜி.” அப்படியானால் பிரச்சினை உங்கள் வீட்டில்தான். சொல்லிவிட்டுச் சிரித்தான். அவன் கிண்டலாகச் சொன்னது பிறகு எனக்கு அவ்வளவு கிண்டலாகத் தெரியவில்லை.

பிராசஸர் கெடாது என்ற சூத்திரம் கிட்டத்தட்ட உண்மை. கெபாசிட்டர் உப்பும், விசிறி நிற்கும், ஹார்ட் டிஸ்க் கரகரக்கும். பிராசஸரோ பெரும்பாலும் தான் உட்கார்ந்திருந்த போர்டுக்குப் பிறகும் பிழைத்துக் கிடக்கும். அந்தத் தட்டுகளே அதற்குச் சாட்சி. ஆனால் அந்தச் சூத்திரத்துக்குப் புகழ்பெற்ற விலக்குகள் உண்டு. 2024இல் இன்டெல் தன் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சிப்களில் ஒரு கோளாறை ஒப்புக்கொண்டது. மைக்ரோகோடில் இருந்த தவறு தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்டு வாங்கிச் சிப்பைத் தானே அரித்துக்கொண்டிருந்தது. பல மாதங்கள் பயனர்கள் ராமையும் கிராபிக்ஸ் கார்டையும் விளையாட்டுகளையும் திட்டிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் வாரண்டியை இரண்டு வருஷம் நீட்ட வேண்டியதாயிற்று.

அதைவிட எனக்குப் பிடித்தது 1994ஆம் வருஷத்துக் கதை. வர்ஜினியாவில் லிஞ்ச்பர்க் கல்லூரியின் கணிதப் பேராசிரியர் தாமஸ் நைஸ்லி இரட்டைப் பகாஎண்களின் தலைகீழிகளைக் கூட்டிக்கொண்டிருந்தார். பல கம்ப்யூட்டர்கள் பங்கு போட்டுச் செய்த கணக்கு. அந்த மார்ச்சில் கூட்டத்தில் ஒரு புதிய பென்டியத்தைச் சேர்த்தார். ஜூனில் விடைகள் இடித்தன. புதிதாக வந்தது பென்டியம், ஆகவே பென்டியம் என்று அவர் முடிவு கட்டவில்லை. தன் நிரலைச் சந்தேகித்தார், கம்பைலரைச் சந்தேகித்தார், போர்டின் சிப்செட்டைச் சந்தேகித்தார். ஒவ்வொன்றாக விலக்கி, அதே கணக்கைப் பழைய 486இல் போட்டுப் பார்த்து, அக்டோபரில்தான் பென்டியத்தின் வகுத்தல் பகுதியில் பிழை என்ற இடத்துக்கு வந்தார். உள்ளே ஓர் அட்டவணையில் ஐந்து மதிப்புகள் விட்டுப்போயிருந்தன. இன்டெல் அதற்காக ஒதுக்கிய தொகை 47.5 கோடி டாலர். முதல் நாளே பென்டியத்தைக் குற்றம் சாட்டியிருந்தாலும் நைஸ்லி சொன்னது சரியாகவே இருந்திருக்கும். ஆனால் அது வெறும் ஊகம். இன்டெல் சட்டை செய்திருக்காது.

என் பிராசஸர் நல்ல சிப் என்று அவன் மேஜை சொல்லிவிட்டது. அவன் மேஜைக்கும் என் வீட்டுக்கும் என்ன வித்தியாசம் என்பதுதான் மிச்சக் கேள்வி.

ஒன்று, கரண்ட். 3770இன் வெப்ப அளவு 77 வாட். சிப்புக்குள் போகும் வோல்டேஜ் ஒன்றுக்குச் சற்று மேல். வகுத்துப் பார்த்தால் முழு வேலையில் எழுபது ஆம்பியர் வருகிறது. ஒன்றரை டன் ஏசி இழுப்பது ஏழெட்டு ஆம்பியர்தான். எஸ்எம்பிஎஸ் கொடுக்கும் 12 வோல்ட்டை ஒரு வோல்ட்டாக இறக்கி அந்த எழுபது ஆம்பியரை ஊட்டுவது போர்டின் ஒரு மூலையில், பிராசஸருக்குப் பக்கத்தில் இருக்கும் சில மாஸ்ஃபெட்டுகளும் சுருள்களும் கெபாசிட்டர்களும். வீஆர்எம் என்பார்கள். விலை உயர்ந்த போர்டில் அதன் தலையில் அலுமினியக் கட்டி இருக்கும். என் போர்டில் மொட்டை. 65 வாட் ஐ3க்கு அந்த மூலை இத்தனை வருஷம் வியர்வை சிந்தாமல் சேவகம் செய்தது. உண்மையில் ஐ3 அந்த 65ஐத் தொட்டதே அபூர்வம். 3770 ஓசிஆரில் 77ஐ விடாமல் இழுக்கும்.

எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டருக்கு ஒரு தோராய விதி உண்டு: பத்து டிகிரி கூடினால் ஆயுள் பாதி. வருஷக்கணக்கில் டெல்லிக் கோடையில் இருந்த கெபாசிட்டர் உப்பித் தெரிய வேண்டும் என்றில்லை. பார்வைக்குச் சமர்த்தாக இருந்துகொண்டே கொள்ளளவில் பாதியை இழந்திருக்கலாம். எஸ்எம்பிஎஸுக்கும் இதே கதி. ஸ்டிக்கரில் 450 வாட் போட்டிருக்கும். 12 வோல்ட் கம்பியில் ஐந்து சதவீதத்துக்கு மேல் ஆடக்கூடாது, அதாவது 11.4க்குக் கீழே போகக்கூடாது என்பது ஏடிஎக்ஸ் விதி. நம்மூர் மலிவுப் பெட்டிகள் அந்த விதியைப் புதிதாக இருக்கும்போதே மதிப்பதில்லை, கிழமான பிறகு கேட்க வேண்டுமா.

இன்னொன்று, வெயில். கடையில் ஏசி இருபத்துநாலில் ஓடுகிறது. மே மாத மத்தியானத்தில் என் அறை நாற்பதைத் தொடுகிறது. ஹீட்சிங்க் என்பது சுற்றியுள்ள காற்றுக்கு மேலே எத்தனை டிகிரி என்றுதான் கணக்கு வைக்கும்; காற்று பதினாறு டிகிரி கூடினால் உள்ளே எல்லாம் அந்தப் பதினாறைச் சுமக்கும். போதாததற்கு நான் மாட்டியது ஐ3யோடு வந்த சன்னமான கூலர். அதற்கு நான்கு பிளாஸ்டிக் கால்கள். ஒவ்வொன்றையும் ‘டக்’ என்று சத்தம் வரும்வரை அழுத்த வேண்டும். பழைய பிளாஸ்டிக்குக்கு அந்தச் சத்தம் மறந்துபோயிருக்கும். நான்காவது கால் பிடிக்காமல், கூலர் அந்த மூலையில் ஒரு காகிதம் நுழையும் அளவு தூக்கிக்கொண்டு நின்றது. டார்ச் அடித்துப் பக்கவாட்டில் பார்த்தால்தான் தெரியும். ஐவி பிரிட்ஜில் மூடிக்கு அடியிலும் ஒரு வில்லங்கம் இருக்கிறது: முந்தைய தலைமுறையில் சிலிக்கானுக்கும் மூடிக்கும் நடுவே உலோகப் பற்று வைத்திருந்த இன்டெல், இதில் வெறும் பேஸ்ட்டுக்கு இறங்கிவிட்டது. வெளியே எவ்வளவு நல்ல பேஸ்ட் தடவினாலும் உள்ளே இருப்பது 2012இல் தடவியது.

வெப்பத்தை அளக்க மென்பொருள் இருக்கிறது, பார்த்தால் தெரிந்துவிடாதா? அளவுமானியை எவ்வளவு நம்புவது என்பது டெல்லிக்காரர்களுக்குப் பழகிய கேள்வி. 2024 மே 29 அன்று முங்கேஷ்பூர் தானியங்கி நிலையம் 52.9 டிகிரி காட்டியது. நாடு முழுக்கச் செய்தி. ஆராய்ந்த பிறகு, சென்சார் மூன்று டிகிரி கூட்டிக் காட்டியது என்றது வானிலைத் துறை. இன்டெல் சிப்பின் உள்மானி நேரடியாக வெப்பத்தைச் சொல்வதுகூட இல்லை. உச்ச வரம்புக்கு இன்னும் எத்தனை டிகிரி பாக்கி என்று பின்னோக்கி எண்ணும். வரம்புக்குப் பக்கத்தில் துல்லியம், தாழ்ந்த வெப்பத்தில் உத்தேசம். வரம்பைத் தொட்டால் பிராசஸர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், ஆகவே பிராசஸர் சூட்டால் மட்டும் பெட்டி திடீரென்று அணைவது அரிது. மலிவு போர்டின் வீஆர்எம் மூலையிலோ மானி என்று ஒன்றே கிடையாது. பெட்டிக்குள் அதிகம் கொதிக்கும் இடம் எந்தத் திரையிலும் வராது.

விண்டோஸ் எழுதிவைக்கும் பதிவேடும் அப்படித்தான். பட்டென்று அணைந்த ஒவ்வொரு தடவைக்கும் ‘கெர்னல்-பவர் 41’ என்று ஒரு வரி. பவர் என்ற பெயரைப் பார்த்ததும் ஜனங்கள் எஸ்எம்பிஎஸ் வாங்க ஓடுகிறார்கள். அந்த வரி சொல்வது இவ்வளவுதான்: கடந்த முறை முறைப்படி விடைபெறாமல் போய்விட்டீர்கள். எழுந்த பிறகு எழுதிய குறிப்பு அது. விழுந்தபோது யாரும் பார்க்கவில்லை.

கடைக்காரனின் வழி மாற்றிப் பார்ப்பது. ராமை மாற்று, நிற்கிறதா? எஸ்எம்பிஎஸை மாற்று, நிற்கிறதா? இதைப் படிக்காதவன் வேலை என்று இளக்காரமாகப் பேசுகிற பொறியாளர்களை எனக்குத் தெரியும். மணிமேகலையின் 29ஆம் காதையில் அறவண அடிகள் காஞ்சியில் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பது இதைத்தான். ஒன்று இருக்கும் இடத்தில் மற்றது இருப்பது அன்னுவயம். அது இல்லாத இடத்தில் இதுவும் இல்லாமல் போவது வெதிரேகம். புகைக்கும் நெருப்புக்கும் செல்லுபடியாகிற தர்க்கம் ராமுக்கும் நீலத் திரைக்கும் செல்லுபடியாகும். தர்பங்காப் பையனின் மேஜையில் எப்போதும் கைவசம் இருக்கும் நல்ல ராம், நல்ல எஸ்எம்பிஎஸ், நல்ல போர்டு மூன்றும் அவனுடைய தர்க்கக் கருவிகள்.

குறை வேறு இடத்தில் இருக்கிறது. கூட்டம் நெரிக்கும் நேரத்தில் அவன் ஒன்றை மட்டும் மாற்றுவதில்லை. ராமையும் எஸ்எம்பிஎஸையும் சேர்த்து மாற்றி, ஓடினால் இரண்டுக்கும் பில் போட்டுவிடுவான். ஓடாவிட்டால் ‘போர்டு கயா’, போர்டு போச்சு. நாளைக் காலை ஜிஎஸ்டி தாக்கல் செய்யவேண்டிய வாடிக்கையாளருக்குக் காரணம் தேவையில்லை, ஓடும் பெட்டி போதும். அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அப்படி அநியாயமாகத் தண்டனை பெற்ற நல்ல பாகம் எங்கேயோ போகத்தான் வேண்டும். யமுனைக்கு அப்பால் சீலம்பூரில் போர்டுகளைச் சூடாக்கிச் சிப் பிரிக்கிறார்கள், அமிலத்தில் போட்டுச் செம்பு எடுக்கிறார்கள். 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கும் மின்கழிவு விதிகள் பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம்தான் போகவேண்டும் என்கின்றன. கபாடிவாலாவின் தள்ளுவண்டி அந்த விதிகளைப் படித்ததாகத் தெரியவில்லை.

எனக்கு அவசரம் இல்லை. பழைய பத்திரிகைகள் இன்னும் கொஞ்ச காலம் பழையதாகவே இருக்கும். ஆகவே ஒரு நேரத்தில் ஒன்று என்று வைத்துக்கொண்டேன். ராத்திரி முழுக்க ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் ஓட்டினால் 1600இல் சிவப்பு வரிகள் வந்தன. பயாஸில் 1333 என்று கையால் குறித்த பிறகு ஒன்றுகூட வரவில்லை. நீலத் திரை அத்தோடு விலகியது. பட்டென்று அணைவது விலகவில்லை. அப்போதுதான் இவை இரண்டு தனித்தனி நோய்கள், ஒரே சமயத்தில் வந்ததால் ஒன்றுபோலத் தெரிந்தன என்பது உறைத்தது. இரண்டையும் ஒரே மருந்தால் குணப்படுத்தப் பார்க்கும்வரை எந்த மருந்தும் வேலை செய்யாததுபோலத்தான் தெரியும்.

கூலரின் கால்களை மாற்றினேன். சிப்பின் வெப்பம் நன்றாகவே இறங்கியது, அணைவது தொடர்ந்தது. விண்டோஸ் பவர் செட்டிங்கில் பிராசஸரின் உச்ச அளவு 100 என்று இருப்பதை 99 ஆக்கினால் டர்போ போய்விடும், 3.9 கிகாஹெர்ட்ஸுக்குத் தாவாமல் 3.4இல் நிற்கும். ஒரு சதவீதம்தான் குறைத்தோம், இழுக்கும் கரண்ட் வெகுவாகக் குறைகிறது. அணைவது நின்றது. மறுபடி 100 ஆக்கினேன், மத்தியானம் அணைந்தது. ராத்திரி பத்து மணிக்கு மேல் அணையவில்லை. கரண்ட், வெயில் இரண்டும் சேர்ந்தால்தான் விழுகிறது, ஒன்று இல்லாவிட்டாலும் விழவில்லை. எஸ்எம்பிஎஸை ஒரு நண்பரிடம் கடன் வாங்கி மாற்றியபோது அணைவது அரிதானது, ஒழியவில்லை. மொட்டை மூலையைப் பார்த்து ஒரு சின்ன விசிறியைக் கட்டியபோது இன்னும் அரிதானது. குற்றம் பெருமளவு வீஆர்எம்மில், கொஞ்சம் எஸ்எம்பிஎஸில் என்பது என் முடிவு. பிராசஸர் செய்ததெல்லாம் வந்து உட்கார்ந்ததுதான்.

இப்படிக் கிழட்டுப் பெட்டியோடு மல்லுக்கட்டுவதற்குப் பதில் புதிதாக ஒன்று வாங்கிவிடலாமே என்று வீட்டில் கேட்கிறார்கள். மைக்ரோசாஃப்டும் அதையே சொல்கிறது. 2025 அக்டோபர் 14இல் விண்டோஸ் 10க்கான ஆதரவை நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11க்கான இன்டெல் பட்டியல், சில விலக்குகள் போக, எட்டாம் தலைமுறையில்தான் தொடங்குகிறது. 3770 மூன்றாம் தலைமுறை. லினக்ஸுக்கு அந்தப் பட்டியல் கிடையாது, டெசராக்ட் அங்கே இன்னும் சௌகரியமாகவே ஓடுகிறது. பெட்டி அங்கே போய்விட்டது. போனதும் முதலில் பார்த்தது, அங்கேயும் மத்தியானத்தில் டர்போவோடு ஓட்டினால் அணைகிறதா என்பதை. அணைந்தது. விண்டோஸின்மேல் இருந்த கொஞ்சநஞ்சச் சந்தேகமும் அதோடு தீர்ந்தது.

கோடை முழுக்க டர்போ இல்லாமல் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். 3.4க்கும் 3.9க்கும் உள்ள வித்தியாசம் ஒரு பக்கத்துக்குச் சில நொடிகள். ‘ணை’ எழுத்தைத் தவறாகப் படிக்கும் வேகம் மட்டும் குறைகிறது. தீபாவளிக்கு அப்புறம் அறை இருபதுக்கு இறங்கியதும் டர்போவைத் திறந்து, ஒரு முழு ஆண்டுத் தொகுப்பை மத்தியானத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும். அப்போதும் அணைந்தால் வெயிலை இழுக்க முடியாது. போர்டைக் கழற்றிக்கொண்டு தர்பங்காப் பையனிடம்தான் போயாக வேண்டும்.